ஊட்டி வாசலில் ஒரு நாள்

நேயர்களே, உங்களில் எத்தனை பேர் மேட்டுப்பாளையத்தைப் பார்த்திருக்கிறீர்கள்?

"ஏன் பார்க்காமல்? ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தானே போகிறோம்!" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. வழியாகப் போவது வேறு, பார்ப்பது வேறு. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிந்தும் விடியாத வேளையில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் வந்து நிற்கும். குழந்தைகளைத் தட்டி எழுப்பி, பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை உருவி, அவசர அவசரமாக ஒரு காப்பியை வாயில் ஊற்றிக்கொண்டு, எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்கும் மலை ரயிலில் ஜன்னலோரம் பிடிக்க ஓடுவோம். அப்புறம் ஊராவது, ஆறாவது! திரும்பி வரும்போதோ, கை நிறைய யூகலிப்டஸ் தைலமும் வர்க்கியும். அப்போதும் ஊரைப் பார்க்க நேரம் இருப்பதில்லை.

நானும் சென்ற தை மாதம் வரையில் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன்தான். பொங்கல் விடுமுறைக்கு மனைவி, எட்டு வயதுப் பெண், அத்தை ஆகியோர் சகிதம் ஊட்டிக்குக் கிளம்பினேன். சென்னை ரயிலுக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டது. மலை ரயிலுக்கு மட்டும் காத்திருப்போர் பட்டியலில் எங்கள் பெயர்கள் அசையாமல் நின்றன. "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் வீரம் பேசினேன். போய்ப் பார்த்தோம். நீலமும் வெண்ணெய் நிறமுமாகப் பெட்டிகள் எங்கள் கண் முன்னாலேயே நிறைந்தன. எங்களுக்கு இடம் இல்லை.

பஸ் இருக்கிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவு என்ற சொல்லைக் கேட்டாலே அத்தைக்குத் தலை சுற்றும். "இன்று ஒரு நாள் இங்கேயே இருந்துவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்வோமே. எனக்கு மலையைவிட இப்போது காப்பிதான் முக்கியம்" என்றாள் அத்தை. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. ஆக, மேட்டுப்பாளையம் எங்களுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

ஏழு மணி தாண்டியதும் வண்டி நகர்ந்தது. என் பெண்தான் முதலில் கவனித்தாள்.

"அப்பா, எஞ்சின் பின்னால் இருக்கிறதே! மாற்றி மாட்டிவிட்டார்களா?"

பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். மலை ரயிலில் பல வருஷம் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவராம். காலையில் வண்டி போவதைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"மாத்தி மாட்டலைங்க கண்ணு. மேல போறப்ப இந்த வண்டிய இழுக்கறதில்லை, தள்ளறதுதான். டிரைவருக்கு முன்னால பாதை தெரியாதுங்க. பெட்டிக்கு ஒரு ஆள் நின்னு கொடி காட்டறாங்க பாருங்க, அவங்கதான் கண்ணு. அவங்க கையில பிரேக்கும் இருக்கு" என்றார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரைக்கும் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் சமதரை. சாதாரண ரயில் மாதிரிதான் போகும். கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே, ரம்பத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் பல் பல்லாக இரட்டைப் பட்டை தொடங்குகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அதில் ஒவ்வொரு பல்லாகக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம்! வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். குன்னூர் வரையில் இந்தக் கவ்வல்தான். இந்தியாவில் இப்படிப் பற்சக்கரத்தில் ஏறும் ரயில் இது ஒன்றுதான். மேட்டுப்பாளையத்தில் கடல் மட்டத்துக்கு 326 மீட்டர் உயரத்தில் கிளம்பும் வண்டி, 46 கிலோமீட்டர் போய் 2,200 மீட்டருக்கு மேலே ஊட்டியில் நிற்கிறது. நடுவில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள்.

இந்தக் கணக்கையெல்லாம் உதகமண்டலத்தின் பெருமையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கதை தொடங்குவது மேட்டுப்பாளையத்தில்.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் குளிர் பிடித்துவிட்டது. முதலில் போட்ட பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாகப் போயிற்று. 1830-களில் குன்னூர் வழியாக இன்னொரு பாதை வந்தது. அதன் அடிவாரத்தில், பவானி ஆற்றின் கரையில் இருந்தது இந்த ஊர். ஆற்றைக் கடக்கும் இடமும் மலை ஏறும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. வண்டிக்காரனுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் கடைக்காரனுக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்?

1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. வந்து, மலையைப் பார்த்து நின்றது. இருபத்தாறு வருஷம் அப்படியே நின்றது! ரயிலை விட்டு இறங்கினவர்கள் குதிரை பூட்டிய டோங்கா வண்டியில் குலுங்கிக் குலுங்கி மேலே போனார்கள். மலை மேல் ரயில் விட வேண்டும் என்ற யோசனை 1854-லேயே பிறந்துவிட்டது. ஸ்விட்ஸர்லாந்திலிருந்து ரிக்கன்பாக் என்ற பொறியாளர்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். 1885-இல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. 1891-இல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு வந்து முதல் மண்ணை வெட்டிக் கொடுத்தார். மூன்றே வருஷத்தில் கம்பெனி திவாலாயிற்று. பிறகு 1896-இல் இன்னொரு கம்பெனி கிளம்பி, 1899 ஜூன் மாதத்தில்தான் குன்னூர் வரையில் வண்டி ஓடியது. ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 ஆயிற்று.

கவர்னர் பெயரும் ஸ்விஸ்காரர் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. பாறையைப் பிளந்து பதினாறு குகைகளைக் குடைந்தவர்களின் பெயர்களை நான் எங்கும் காணவில்லை. கல்லாற்றுக் காடு அந்தக் காலத்தில் மலைக்காய்ச்சலுக்குப் பெயர் போனது. ராத்திரி அங்கே தங்குவதற்குத் துரைமார்கள் நடுங்குவார்கள். கூலிக்கு வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? அங்கேதான். 2005-இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அந்தப் பட்டயத்தில் பாதியாவது அவர்களுக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டேஷனை ஒட்டி மலை ரயிலுக்கென்று ஒரு சிறிய காட்சிச் சாலை இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிட வேண்டாம்.

அத்தைக்கு இரண்டாவது காப்பியும் ஆன பிறகு, ஆட்டோ பிடித்து ஆற்றுக்குப் போனோம். இப்போது நான் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

பவானி விசித்திரமான ஆறு. நீலகிரியில் பிறந்து, மேற்கே கேரளத்துக்குப் போய், "இந்த இடம் நமக்குச் சரிப்படாது" என்று தீர்மானித்ததுபோல் கிழக்கே திரும்பி, மறுபடியும் தமிழ்நாட்டுக்கு வருகிறது. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரும் பெண்ணைப்போல, மேட்டுப்பாளையத்தருகே நிதானமாக நடக்கிறது. அன்று காலை ஆற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன. கரையில் தென்னை, அக்கரையில் பாக்குத் தோப்பு, அதற்கு மேலே நீல மலை. ஆகாயத்தில் ஒரு மேகம் கிடையாது. சில பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் பெண் ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குத் தாவினாள். அதிலிருந்து மூன்றாவது பாறைக்குப் போய், ஆற்றின் நடுவே ராணிபோல் உட்கார்ந்துகொண்டாள். மனைவி செல்போனில் படம் எடுத்தாள். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "அமைதியே உருவான பவானி" என்று எழுத ஆரம்பித்தேன். (அந்த வரி நோட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது, வெட்கத்துக்காக வைத்திருக்கிறேன்.)

அப்போது துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும், யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லாமலே, துணிகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஒரு பாட்டி மட்டும் எங்களைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்:

"ஏனுங்க தம்பி, புள்ளையக் கூப்பிடுங்க! தண்ணி வருது!"

எங்கே வருகிறது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று என்னை வேட்டியை மடித்துக் கட்டக்கூட விடவில்லை. அப்படியே தண்ணீரில் இறங்கிப் போய்ப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தேன். போகும்போது கணுக்காலுக்கு மேல் இருந்த தண்ணீர், வரும்போது முழங்காலைத் தொட்டது. கரை ஏறித் திரும்பிப் பார்த்தோம். சருகும் குச்சியும் மிதந்து வந்தன. சத்தமே இல்லை. பெண் உட்கார்ந்திருந்த பாறை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. பத்து நிமிஷத்தில் அது இருந்த இடத்தில் ஒரு சுழிதான் இருந்தது. அரை மணிக்குள் மூன்று பாறைகளும் போய்விட்டன. வெயில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

"மேல பில்லூர் அணையில கரண்டு எடுக்கத் தண்ணி உட்டுருக்காங்க. சருகு மிதந்து வந்துதுன்னா நாங்க ஏறிக்குவோம். வெளியூர்க்காரங்களுக்கு அது தெரியறதில்லீங்க. மழை பேஞ்சாத்தான ஆறு வரும்னு நெனைக்கறாங்க" என்றாள் பாட்டி. பிறகு என் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, "பயந்துட்டயா அம்மணி?" என்று கேட்டாள். பயந்தது நான்தான். மனைவி அந்தப் பாட்டியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

திரும்பி வரும்போதுதான், ஆற்றில் இறங்க வேண்டாம் என்று எழுதியிருந்த பலகை கண்ணில் பட்டது. போகும்போதும் அது அங்கேதான் இருந்திருக்கும்!

பில்லூர் அணை 1960-களில் குந்தா மின்திட்டத்தில் கட்டப்பட்டது. கனடா நாட்டின் உதவியோடு நடந்த திட்டம் அது. அணையில் தேங்கும் நீர் மின்சாரமாகிறது; குழாயில் ஏறிக் கோயம்புத்தூருக்குக் குடிநீராகிறது. மேட்டுப்பாளையத்தில் ஆற்றிலிருந்து எடுக்கும் நீர் திருப்பூருக்கும் போகிறது. கோவையில் குடியிருக்கும் நேயர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றித்தான் பெருமையடித்துக்கொள்வார்கள். நகரத்தில் பல வீதிகளுக்கு வருவது இந்தப் பவானி என்பது அவர்களுக்கே ஞாபகம் இருப்பதில்லை. அதனால்தான் ஆற்றின் மட்டம் வானத்தைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. அணையின் மதகைப் பார்த்து ஏறி இறங்குகிறது. குளிக்க இறங்கிய வெளியூர்க்காரர்கள் மூழ்கினார்கள் என்ற செய்தி அடிக்கடி பத்திரிகை ஆபீஸுக்கு வரும். நானே எத்தனையோ தடவை அதை நாலு வரியாகச் சுருக்கி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே, போகிறவர்கள் கரையிலிருந்து பாருங்கள். அங்கே வசிப்பவர்கள் குளிக்கும் இடம் எது, வேளை எது என்று அவர்களையே கேளுங்கள். பாறைகளில் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டாம்.

அதற்கப்புறம் அத்தை, "முதலில் கோயிலுக்குப் போ" என்று உத்தரவிட்டாள். தேக்கம்பட்டியில் பவானிக் கரையிலேயே வனபத்ரகாளியம்மன் இருக்கிறாள். ஆரவல்லி சூரவல்லி கதையோடு இந்தக் கோயிலைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆடி மாதத்தில் குண்டம் இறங்கும் திருவிழா இங்கே பிரசித்தம். கொங்கு நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து நெருப்பில் நடக்கிறார்கள். சாதாரண நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து, மரத்தடியில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கோயில் யானைகளுக்கெல்லாம் ஓய்வு கொடுக்கும் முகாமைச் சில வருஷங்கள் இந்தத் தேக்கம்பட்டியில்தான் நடத்தினார்கள். தமிழ்நாட்டின் பெரிய பெரிய கோயில் யானைகள் லாரியில் வந்து இறங்கி, ஆற்றங்கரைக் காற்று வாங்கி, வயிறாரத் தின்று திரும்பியிருக்கின்றன. நமக்கும் அப்படி ஒரு முகாம் நடத்தக் கூடாதா என்று அத்தை கேட்டாள்.

சாமி கும்பிட்ட பிறகு மனைவியின் முறை. சத்தியமங்கலம் சாலையில் சிறிது தூரம் போனால் சிறுமுகை. நீலகிரிக்கு முதல் பாதை கிளம்பிய ஊர் என்று சொன்னேனே, அதுதான். இன்று அந்த ஊர் பெண்களுக்குத் தெரிவது மென்பட்டுச் சேலைகளால். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். காஞ்சிபுரத்தைப்போல் கனமில்லை, கையில் எடுத்தால் கைக்குட்டைபோல் மடிகிறது. கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு பந்தியில் ஓடியாடிப் பரிமாறலாம் என்பது என் மனைவியின் தீர்ப்பு. நெசவாளர் வீட்டு அம்மாள் ஒருத்தி, தறியில் பாதி நெய்த சேலையின் முந்தானையை விரித்துக் காட்டி, கரை வேறு உடல் வேறாக எப்படிக் கோர்க்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினாள். காலையில் நடந்ததை மறக்க வைக்க நானும் தாராளமாக இருந்தேன். எவ்வளவு தாராளம் என்பது எனக்கும் என் பர்ஸுக்கும் தெரியும்.

சிறுமுகைக்கு ஒரு கசப்பான ஞாபகமும் உண்டு. அங்கே மரக்கூழிலிருந்து செயற்கை இழை செய்யும் ஒரு பெரிய ஆலை இருந்தது. ஏராளமான பேருக்கு வேலை கொடுத்தது. அதன் கழிவு பவானியில் கலந்து மீன் செத்தது, பயிர் கெட்டது. 1990-களில் ஆற்றை நம்பியவர்கள் திரண்டு போராடினார்கள். ஆலை பிறகு மூடப்பட்டது. வேலை போன குடும்பங்களின் கஷ்டம் ஒரு பக்கம், ஆறு தெளிந்த நிம்மதி இன்னொரு பக்கம். இரண்டையும் அந்த ஊரில் ஒரே திண்ணையில் கேட்கலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்குத் திரும்பினோம். மேட்டுப்பாளையம் பஜாரில் நுழைந்ததும் மூக்குக்குத் தெரிவது ஈர மண் வாசனை. உருளைக்கிழங்கு! நீலகிரியில் விளையும் கிழங்கெல்லாம் இறங்கி வந்து ஏலம் போவது இங்கேயுள்ள மண்டிகளில்தான். இப்போது கர்நாடகத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும்கூட லாரி லாரியாக வருகிறது. மூட்டைமேல் உட்கார்ந்து விலை பேசுவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. உங்கள் சாம்பாரில் மிதக்கும் கறிவேப்பிலைகூட இந்தப் பக்கத்துக் காரமடைத் தோட்டத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். ரங்கநாதர் கோயிலும் மாசி மகத் தேரும் அந்தக் காரமடைக்குப் பிரசித்தம் என்றாலும், அங்கே வயல் வயலாகக் கறிவேப்பிலை பயிராவதைப் பார்த்த பிறகு, கடைக்காரர் ஒரு கொத்தை ஓசியாகக் கொடுப்பதை நாம் லேசாக எண்ண மாட்டோம்.

இன்னும் ஒரு நாள் இருக்க முடிந்தால்? காரமடையிலிருந்து மலைப்பக்கமாகப் போனால் பரளிக்காடு. பில்லூர் அணையின் தேக்கத்தில் வனத்துறையினர் பரிசல் சவாரி நடத்துகிறார்கள். விடுமுறை நாட்களில், முன்னதாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும். மிதவைச் சட்டை மாட்டிவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள். அங்கே வசிக்கும் இருளர் பெண்களே களியும் சோறும் சமைத்துப் போடுகிறார்கள். தண்ணீரில் இறங்கியே தீருவேன் என்னும் குழந்தைகளுக்கு இதுதான் ஒழுங்கான வழி.

ஊட்டிச் சாலையில் இருக்கும் பிளாக் தண்டர் என்ற நீர் விளையாட்டுப் பூங்காவைப் பற்றி உங்கள் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லுவார்கள். அதைத் தாண்டினால் கல்லாறு. 1900-இல் ஏற்பட்ட அரசாங்கப் பழத்தோட்டம் அங்கே இருக்கிறது. மங்குஸ்தான், துரியான், ஜாதிக்காய் என்று நம் பக்கத்தில் அபூர்வமான மரங்கள். ஆனால் அந்த இடம் யானைகளின் பாதை. அவை நமக்கு முன்னாலேயே அங்கே வழி போட்டுவிட்டன. ஆகவே, போவதற்கு முன்னால் அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆறு போகும் பக்கமே போக ஆசைப்பட்டால் பவானிசாகர் வரையில் போகலாம். 1955-இல் கட்டி முடித்த அணை. எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண் கரை! மேட்டுப்பாளையம் வழியாகப் போன பவானியும், மைசூர் எல்லைக் காட்டிலிருந்து வரும் மோயாறும் அங்கே சேர்கின்றன. நீருக்கு அடியில் டணாயக்கன்கோட்டையும் அதன் பழைய கோயிலும் மூழ்கிக் கிடக்கின்றன. வறட்சியில் நீர் வற்றினால் கோயில் வெளியே தலை காட்டும். அணையோரத்தில் பொரித்துத் தரும் மீனுக்காகவே கோவையிலிருந்து காரில் வருகிறவர்கள் உண்டு. நாங்கள் சைவம். ஆனாலும் வாசனையைத் தடுக்க முடியுமா?

அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவு தூரம் போக நேரமில்லை. ஸ்டேஷனில் மலை ரயில் இறங்கி வருவதைப் பார்க்க வேண்டும் என்று பெண் பிடிவாதம் பிடித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். காலையில் பார்த்த பெரியவரும் அதே பெஞ்சில் இருந்தார். 2021-இல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நிலக்கரியில் ஓடும் நீராவி எஞ்சின் ஒன்றைப் புதிதாகவே செய்து இந்த மலைக்கு அனுப்பினார்கள் என்று, தம் பேரனுக்குக் கல்யாணம் ஆனதைச் சொல்வதுபோல் சொன்னார்.

மங்கலாகிக்கொண்டிருந்தது. பவானிப் பாலத்தின் பக்கமிருந்து ஊதல் கேட்டது. வண்டி மெல்ல வந்தது. பெண் எழுந்து நின்று கையை நீட்டினாள்.

"அப்பா, இப்போது எஞ்சின் முன்னால் இருக்கிறது! மேலே போய்த் திருப்பினார்களா?"

நான் பெரியவரைப் பார்த்தேன்.

"திருப்பலைங்க கண்ணு. ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சின் பள்ளத்துப் பக்கந்தான் நிக்கும். பெட்டி கை நழுவி உருண்டா ஆரு புடிக்கறது?" என்றார்.

மனைவி பெண்ணைத் தன் பக்கம் இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பிளாட்பாரத்தில் ஸ்வெட்டரும் தொப்பியுமாக ஜனங்கள் இறங்கினார்கள். கையில் தைலப் பாட்டிலும் வர்க்கிப் பொட்டலமுமாக, ஊரைத் திரும்பிப் பார்க்காமல், சென்னை வண்டியைப் பிடிக்க ஓடினார்கள்.